மூன்றாவது அழைப்பு

விர்ப்பியின் கைப்பையில் எப்போதும் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை இருக்கும். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் யார் வீட்டுக்குள்ளும் நுழைய வேண்டும். வயதானவர்களின் வீட்டுத் தரையோ ஜூன் மாதத்திலும் சில்லென்றுதான் இருக்கும். முதியோர் நல ஆலோசகராக இருபது வருடங்களுக்கு மேல் எத்தனையோ வீடுகளின் தரையை அவள் அந்தக் காலுறைகளோடு மிதித்திருக்கிறாள்.

இன்று கலெர்வோவின் வீட்டு வாசலில் குனிந்து அவற்றை மாட்டிக்கொண்டாள். முதல் நாள் வேலைக்கு வந்தவளைப் போல இருந்தது. 'கடவுளே, இன்னிக்கு நான் வாயையும் கையையும் அடக்கிக்கிட்டு இருக்க எனக்குப் புத்தி கொடு' என்று வேண்டிக்கொண்டு உள்ளே போனாள்.

இந்த ஒரு நாளை வாங்குவதற்குள் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

கலெர்வோ எண்பதைத் தாண்டியவர். மார்ச் மாதம், ஏரி இன்னும் உறைந்து கிடந்தபோது, பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் கால் மெல்ல மெல்லத் திரும்பியது, கையும் பாதி திரும்பியது, மனிதர்தான் திரும்பவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் அசைய மாட்டார். காப்பிக்குக் கூப்பிட்டாலும் அப்படித்தான். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. தானாக எதையும் செய்ய அவருக்கு முனைப்பில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். விர்ப்பியும்தான் சொன்னாள்.

மகள் மர்யுத், தம்பெரே நகரத்தில் பள்ளி ஆசிரியை. தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு முதியோர் இல்லத்தில் அப்பாவுக்கு அறை பார்த்துவிட்டாள். இங்கிருந்து காரில் மூன்று மணி நேரம். மகன் இல்க்கா மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் சாலையில் கிடப்பவன். அப்பாவை ஏரியிடமிருந்து பிரித்தால் அவர் பிழைக்க மாட்டார் என்று அவன் சொல்ல, அம்மா செத்த அன்று நீ எங்கே இருந்தாய் என்று இவள் கேட்க, போன வாரம் மருத்துவமனை நடைபாதையில் அக்காவும் தம்பியும் போட்ட சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றுதான் விர்ப்பி கேட்டாள். ஒரே ஒரு நாள். அவருடைய வீட்டில், அவரோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன். அதற்குப் பிறகு முடிவு உங்களுடையது.

இன்று மாலை நான்கு மணிக்குள் மர்யுத் அந்த முதியோர் இல்லத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நாளை முதல் நடுக்கோடைத் திருநாள் விடுமுறை. நாடே அலுவலகங்களைப் பூட்டிவிட்டு ஏரிக்கரைக்குப் போய்விடும். சரி என்றால் அறை கலெர்வோவுக்கு, இந்த வீட்டுக்குப் பூட்டு. வேண்டாம் என்றால் அறை இன்னொரு குடும்பத்துக்கு. மறுபடி எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மர்யுத் விடிந்ததும் வந்து வீட்டையே மாற்றி வைத்திருந்தாள். தரையில் கிடந்த துணி விரிப்புகள் சுருட்டப்பட்டு மூலையில் நின்றன. விறகுக் கூடை வெளியே போயிருந்தது. கத்திகள் எட்டாத அலமாரிக்கு ஏறியிருந்தன. அடுப்பு மேல் கரி பிடித்த காப்பிக் கெண்டியைக் காணோம். மேசையில் தம்பெரேயிலிருந்து வந்த மின்சாரக் காப்பி மெஷின் ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"எல்லாத்தையும் பத்திரமா மாத்திட்டேன்" என்றாள் மர்யுத்.

"ரொம்ப உழைச்சிருக்கீங்க. ஆனா நான் உங்க அப்பா வீட்டைப் பாக்கணும்னு வந்தேன். இது உங்க வீடு மாதிரில்ல இருக்கு."

மர்யுத்தின் முகம் சிவந்தது. அடுத்த நிமிடம் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருவருமாகச் சேர்ந்து எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். வாசலருகே கிடந்த விரிப்பை மட்டும் விட்டுவிடலாம் என்று விர்ப்பியே சொன்னாள். அது உண்மையிலேயே வழுக்கியது.

"அவர் விழுந்துட்டார்னா?"

"விழற மாதிரி இருந்தா எந்திரிச்சு ஓடுவேன். தடுமாறினா எந்திரிக்க மாட்டேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"அதைக் கத்துக்கத்தான் எனக்கு இத்தனை வருஷம் ஆச்சு."

அது விளையாட்டுப் பேச்சு இல்லை. இளம் வயதில் விர்ப்பி வீடு வீடாகப் போய் உதவி செய்யும் வேலையில் இருந்தாள். சட்டைப் பொத்தான் போடுவதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரை அவள் கை போகிற வேகத்தைப் பார்த்து எல்லாரும் மெச்சுவார்கள். அவள் கையின் வேகம் கூடக் கூட, அவள் போகிற வீடுகளில் இருந்தவர்களின் கை மெதுவாகிக்கொண்டே போனது. அதைக் கவனித்த அன்று அவளுக்குத் தூக்கம் போயிற்று. பிறகுதான் இதற்கென்றே படித்தாள். விருந்துகளில் யாராவது, வயதானவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுக்கிற வேலையா என்று கேட்டால், இல்லை, அவர்கள் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடிக்கிற வேலை என்பாள்.

சுவரோரம் இரண்டு நாற்காலியைப் போட்டு, மர்யுத்துக்கும் தன் வித்தையைச் சொல்லிக்கொடுத்தாள். உதவி செய்ய வேண்டுமென்று கை பரபரத்தால், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.

வெளியே இல்க்காவின் கார் வந்து நின்றது.

கலெர்வோ கைத்தடியை ஊன்றி, நல்ல காலை முதலில் வைத்துப் படியேறினார். மகன் நீட்டிய கையை அவர் பார்க்கவே இல்லை என்பதை ஜன்னல் வழியாக மர்யுத் பார்த்தாள். உள்ளே வந்தவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். வீட்டின் வாசனையை நெஞ்சு நிறைய இழுத்தார். பிறகு அவர் கண் மேசை மேல் இருந்த மெஷினில் போய் நின்றது.

"இது யாரு?"

"அக்கா கூட்டிட்டு வந்த விருந்தாளி" என்றான் இல்க்கா.

"ம். பேசுமா?"

மார்ச் மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு கேலி வந்து யாரும் கேட்டதில்லை. மர்யுத் திரும்பி விர்ப்பியைப் பார்த்தாள். விர்ப்பி முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கப் படாத பாடுபட்டாள்.

மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கலெர்வோ அடுப்பை மூட்டினார். பிர்ச் மரச் சிராய் சடசடவென்று பிடித்துக்கொண்டது. காப்பித் தூள் அளக்கும்போது கரண்டி நழுவித் தூள் தரையெல்லாம் கொட்டியது. மர்யுத் பாதி எழுந்துவிட்டாள். விர்ப்பி சும்மா ஒரு பார்வை பார்த்தாள். மர்யுத் மறுபடி கையின் மேல் உட்கார்ந்தாள். கலெர்வோ துணியைத் தரையில் போட்டுக் காலாலேயே துடைத்தார். சரியாக மடங்காத இடக்கையைத் தூக்கி, கெண்டி நகராமல் இருக்க அதன் கைப்பிடி மேல் ஒரு கல்லைப் போல வைத்து அழுத்திக்கொண்டு, வலக்கையால் மூடியைத் திறந்தார்.

விர்ப்பிக்கு எழுந்து கைதட்டலாம் போல இருந்தது.

ஏலக்காய் ரொட்டியைத் துண்டு போட்டுத் தட்டில் வைத்தார். நாலு கோப்பை. மேசையின் தலைப்பக்கத்தில் நின்றுகொண்டு, "காப்பி ஆயிடுச்சு, வாங்க" என்றார்.

விடியற்காலையில் கிளம்பிய விர்ப்பி சட்டென்று எழுந்துபோய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் தான் மட்டும் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மர்யுத் ஜன்னல் பக்கம் போய், வெளியே ஏதோ அவசரமாகப் பார்க்க வேண்டியதிருப்பதைப் போல நின்றாள். இல்க்கா கதவில் சாய்ந்து நகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

விர்ப்பியைப் பார்த்த கலெர்வோவின் உதடு ஒரு பக்கமாகத் துடித்தது. "அம்மாவுக்கு எந்த ஊரு?"

"துர்க்கு பக்கம். போன வருஷக் கடைசியிலதான் இங்க மாத்தல் வாங்கிட்டு வந்தேன்."

"அதான் பாத்தேன். கடலோரத்து ஆளுங்க. காப்பின்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள கோப்பையில கை இருக்கும்."

இல்க்கா குபுக்கென்று சிரித்தான். கலெர்வோ இரண்டாம் முறை கூப்பிட்டார். பெரியவர் முதலில் குடிக்கட்டும் என்றான் மகன். தான் வழியிலேயே குடித்துவிட்டதாக மகள் சொன்னாள்.

"அட, உங்களுக்காகத்தானே போட்டேன். ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க" என்றார் மூன்றாம் முறை.

இருவரும் யாரோ பிடித்து இழுத்துவந்ததைப் போல வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு கோப்பை குடித்தார்கள்.

விர்ப்பியின் கோப்பை பாதி வழியில் நின்றது.

"அய்யா, ஆஸ்பத்திரில காப்பிக்கு எப்படிக் கூப்பிடுவாங்க?"

"நல்ல புள்ளைங்க. கதவுகிட்ட வந்து 'காப்பி'ன்னு சொல்லிட்டு அடுத்த ரூமுக்கு ஓடிடும். வேலை கெடக்குல்ல."

"நீங்க போக மாட்டீங்க."

"எப்படிப் போறது? அங்க நான் விருந்தாளி. ஒரு குரலுக்கே எந்திரிச்சு ஓடினா, வீட்டுல சாப்பாட்டுக்கு வழியில்லாத ஆளுன்னு நினைக்க மாட்டாங்களா? இன்னொரு வாட்டி வந்து கூப்பிடுவாங்கன்னு உக்காந்திருப்பேன். அதுக்குள்ள தட்டு போயிடும்."

அதில் குறை சொல்கிற தொனியே இல்லை. நேற்று மழை பெய்தது என்பதைப் போலச் சொன்னார்.

மர்யுத் கோப்பையைக் கீழே வைத்தாள். "பசியோடயா உக்காந்திருந்தீங்க? இத்தனை நாளும்?"

"ரொட்டியில ஏலக்காய் கம்மி" என்றார் கலெர்வோ, தட்டை மகள் பக்கம் தள்ளியபடி.

விர்ப்பிக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாகப் பொங்கின. அந்த ஜன்னலோர நாற்காலிக்குப் பக்கத்தில் அவளும்தான் உட்கார்ந்திருந்தாள். தட்டு திரும்பிப் போவதைப் பார்த்து, நோய் என்று நினைத்தாள். அங்கே கெட்டவர்கள் யாரும் இல்லை. கூப்பிட்டவர்களுக்கு இன்னொரு முறை கூப்பிட நேரமில்லை. கூப்பிடப்பட்டவருக்கு முதல் முறையே எழ மனமில்லை. நடுவில் ஒரு மனிதர் இளைத்துக்கொண்டே போனார். கடவுள் யாரையும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறவர் இல்லை, நமக்குத்தான் அவ்வளவு அவசரம் என்று தோன்றியது அவளுக்கு.

முற்றத்துக்கு ஓடி, மறுவாழ்வுப் பிரிவின் தலைமைச் செவிலிக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். கேட்டதும் செவிலி, ஏரிக்கரை ஊர்களிலிருந்து வந்தவர்கள் இன்னும் இரண்டு பேர் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லி, இதோ நானே போய்க் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்துவிட்டாள். 

விர்ப்பி திரும்பி வந்தபோது இல்க்கா அக்காவைச் சீண்டிக்கொண்டிருந்தான். "நீ மட்டும் என்னவாம்? தம்பெரே பள்ளிக்கூடத்துல எல்லாரும் குடிச்சு முடிச்சப்புறம் கடைசியாப் போயி ஆறின காப்பி குடிக்கிறவ நீதானே. நீயேதான் சொன்ன."

மர்யுத்தால் மறுக்க முடியவில்லை. இல்க்கா, ஊருக்குள் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியேறினான். போகும்போது அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

கோப்பைகளைக் கழுவும்போது மர்யுத் மெதுவாகச் சொன்னாள். "சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா எதுவும் மாறல. நாலு மணிக்கு நான் சரின்னுதான் சொல்லப்போறேன்."

அவள் அம்மா ஐலி இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், சௌனா என்கிற நீராவிக் குளியலறைக்குப் போகிற பாதையில் பனியில் வழுக்கி விழுந்தார். கலெர்வோ கடைக்குப் போயிருந்த நேரம். எவ்வளவு நேரம் அங்கே கிடந்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"ராத்திரி போன் அடிச்சா எடுக்கவே பயமா இருக்கு. இன்னொரு தடவை அப்படி ஒரு போன் வந்தா என்னால தாங்க முடியாது. இதைத் தம்பிகிட்டச் சொன்னா அவனுக்குப் புரிய மாட்டேங்குது."

விர்ப்பி அவளோடு வாதாடவில்லை. காலையிலும் மாலையிலும் ஆள் வந்து மாத்திரை கொடுத்து, காலுறை மாட்டிவிட ஏற்பாடு செய்யலாம். கையில் கட்டிக்கொள்கிற அவசரப் பொத்தான் உண்டு. சௌனாப் பாதைக்குக் கைப்பிடி போடலாம் என்று தன்னால் முடிந்ததைச் சொன்னாள். விழவே மாட்டார் என்று மட்டும் சொல்ல முடியாது என்றாள். தம்பெரேயிலும் விழலாம்.

"அங்க விழுந்தா யாராவது தூக்குவாங்க."

"ஆமா. அது உண்மைதான்" என்றாள் விர்ப்பி.

பின்மதியம் மூவருமாகப் படகுத்துறைக்கு இறங்கி, பலகை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஏரி தகதகவென்று மின்னியது. மர்யுத் மடியில் போனை வைத்துக்கொண்டு அடிக்கடி மணி பார்த்தாள். மருத்துவமனை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததைப் போலவே கலெர்வோ உட்கார்ந்திருந்தார். ஆனால் கண் மட்டும் ஏரிக்குள் நீண்டிருந்த நிலமுனையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த முனையைச் சுற்றிக்கொண்டு மாதா கோயில் படகு வந்தது.

திருநாள் காலையில் ஊரே அந்த நீண்ட படகில் ஏறி, ஏரியைக் கடந்து ஆராதனைக்குப் போகும். வரிசையாகத் துடுப்புகள், பின்னால் சுக்கான் துடுப்போடு ஒருவர். ஐலியோடு கல்யாணம் ஆன வருடத்திலிருந்து அந்த இடம் கலெர்வோவுடையது. இந்த வருடம் யார் பிடிப்பது என்று ஊரில் யாரும் பேசவில்லை. பேசினால் ஒரு முடிவு எடுக்க வேண்டுமே என்று தள்ளிப்போட்டுவிட்டார்கள். இன்றைக்கு ஒத்திகை. படகு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, நண்டைப் போல வந்தது. நடுவில் துடுப்போடு இல்க்கா, ஒன்றுமே தெரியாதவனைப் போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுதான் ஊருக்குள்ள வேலையா" என்று மர்யுத் பல்லைக் கடித்தாள்.

மளிகைக் கடை ஹெல்மி முன் துடுப்பிலிருந்து குரல் கொடுத்தாள். "கலெர்வோ அண்ணே, பின்னாடி இடம் காலியாத்தான் இருக்கு. வாங்க."

அவர் அசையவில்லை.

"காலையிலேர்ந்து வளைஞ்சு வளைஞ்சு போறோம். கரையில நின்னு பாக்கிறவன் எல்லாம் நாங்க குடிச்சிருக்கோம்னு நினைக்கிறான். வாங்கண்ணே."

அவர் அசையவில்லை. விர்ப்பி பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"வரலைன்னா சொல்லிடுங்க. மோட்டார் ஒண்ணு வாங்கி மாட்டிக்கிறோம்."

அந்தப் படகுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. படகு முழுக்கச் சிரிப்பு எழுந்தது. சிரிப்பு அடங்கியது. துடுப்புகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மூன்றாவது அழைப்பும் முடிந்துவிட்டது. கலெர்வோ எழுந்திருக்கவில்லை.

 காலையில் தான் பார்த்ததெல்லாம் தன் ஆசைதானோ என்று விர்ப்பி ஒரு கணம் நினைத்துவிட்டாள். பிறகுதான் அவர் பார்வை எங்கே இருக்கிறது என்று கவனித்தாள். அவர் படகைப் பார்க்கவே இல்லை. மகளின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பெஞ்சுப் பலகையைப் பிடித்த பிடியில் வெளுத்துப்போயிருந்தது.

"நீ கரையில பயந்துகிட்டு நின்னா என்னால நேரா ஓட்ட முடியாதும்மா" என்றார்.

மர்யுத் நிமிர்ந்தாள்.

"அங்க ஒரு துடுப்பு சும்மா கிடக்கு. நீயும் வா."

"நானா? துடுப்பைத் தொட்டு எத்தனை வருஷமாச்சு. எனக்கு இதெல்லாம் மறந்துபோச்சுப்பா."

இதைத்தான் எதிர்பார்த்தேன் என்பதைப் போல அவர் தலையாட்டினார். கொஞ்சம் பொறுத்து, "வாம்மா" என்றார் மறுபடியும்.

அவள் மடியில் போன் ஒலித்தது. தம்பெரே இல்லத்தின் எண். மர்யுத் திரையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், விர்ப்பியைப் பார்த்தாள். என்ன செய்யட்டும் என்று அந்தக் கண்கள் கேட்டன.

சொல்வதற்கு விர்ப்பியிடம் எத்தனையோ இருந்தது. படித்தது, பார்த்தது, நம்பியது எல்லாம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்து, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.

போன் அடித்து ஓய்ந்தது.

"அது உங்கம்மாவோட துடுப்பு" என்றார் கலெர்வோ. "ரெண்டு வருஷமா யாரும் அதுல உக்காரல. வா."

மர்யுத் எழுந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. போனை விர்ப்பியின் மடியில் போட்டுவிட்டு, அப்பாவுக்குக் கையை நீட்டினாள். இந்த முறை அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

மிதவைச் சட்டை போடாமல் ஒருவரும் ஏறக் கூடாது என்று மட்டும் விர்ப்பி சொன்னாள். ஹெல்மி ஏற்கனவே இரண்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். கலெர்வோ தளர்ந்த காலை முதலில் இறக்கினார். மறுவாழ்வுப் பிரிவில் கற்றுக்கொடுத்தது அப்படியே இருந்தது. இல்க்கா ஒரு பக்கம் தாங்கினான், தாங்குவது தெரியாதபடிக்கு. சுக்கான் துடுப்பை வலக்கையில் வாங்கி, இடக்கையைத் தூக்கி அதன் மேல் கல்லைப் போல வைத்துக்கொண்டார் கலெர்வோ. பிறகு வாயைத் திறந்தார்.

"இழு."

அது மருத்துவமனையில் முணுமுணுத்த மனிதரின் குரல் இல்லை. எதிர்க்கரையில் மோதித் திரும்பி வந்தது. துடுப்புகள் ஒன்றாக இறங்கின. படகு ஒரு துள்ளுத் துள்ளி, கோடு போட்டதைப் போல நேராகப் போயிற்று.

போன் மறுபடி ஒலித்தது. விர்ப்பி எடுத்தாள். மர்யுத் தண்ணீரில் இருப்பதாகவும், இப்போது பேச முடியாது என்றும் சொன்னாள்.

"அப்பா எப்படி இருக்கார்?" என்று அந்தப் பக்கத்துப் பெண் கனிவாகவே கேட்டாள்.

"படகை ஓட்டிக்கிட்டிருக்கார்."

"யாரு, எங்ககிட்ட வரப்போறவரா?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு அந்தப் பெண் உள்ளதைச் சொன்னாள். வரிசையில் அடுத்ததாக ஒரு பெண்மணி காத்திருக்கிறார். கணவரை வைத்துக்கொண்டு தனியாகத் தவிக்கிறார். திருநாளுக்கு முன்னால் அவருக்காவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

"ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு. நாலு மணிக்கு இன்னொரு தடவை கூப்பிடறேன். அதுக்கு மேல என்னால முடியாதுங்க."

"மூணாவது போதும். இது அந்த மாதிரி ஊருதான்" என்றாள் விர்ப்பி.

ஒத்திகையில் படகு எப்போதும் தண்ணீரில் நட்டிருக்கும் சிவப்புக் கம்பத்தைச் சுற்றித் திரும்பிவிடும். அங்கிருந்து துறைக்கு வர அதிக நேரம் ஆகாது. நாலு மணிக்குள் தாராளமாக வந்துவிடலாம். விர்ப்பி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

படகு கம்பத்தை நெருங்கியது. தாண்டியது. திரும்பவில்லை.

அப்பால் இருப்பது ஏரியின் அகலமும், அதற்கு அந்தப் பக்கம் மாதா கோயிலும், கோயிலை ஒட்டி ஐலி உறங்குகிற பிர்ச் தோப்பும்தான்.

துடுப்புப் போடுகிறவர்கள் போகிற திசைக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும். எதிரே என்ன வருகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. சுக்கான் பிடிக்கிறவரின் முகம் மட்டுமே தெரியும். அம்மாவின் இடத்தில் உட்கார்ந்து அம்மாவின் துடுப்பை இழுத்துக்கொண்டிருக்கும் மர்யுத், கம்பம் பின்னால் போனதைக் கவனித்தாளோ இல்லையோ. அப்பாவின் முகத்திலிருந்து அவள் கண்ணை எடுத்ததாகத் தெரியவில்லை.

குரல் கொடுத்தால் இன்னும் கேட்கும். தண்ணீரின் மேல் குரல் வெகுதூரம் போகும். மணியைச் சொல்லி ஒரு சத்தம் போட்டால் போதும், படகு திரும்பிவிடும்.

விர்ப்பி போனைப் பக்கத்துப் பலகையில் வைத்தாள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"இழு" என்று தூரத்திலிருந்து கேட்டது. "இழு."